வாசல் வெளிச்சம்

துணி எடுக்கும்போது கடை விளக்கை நம்பாதீர்கள், அய்யா. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கள் ஜவுளிக்கடையில் அப்படிக் கொண்டுபோன ஒருவரின் விரல்களை அப்பா கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். பிறகு அவரே கட்டுப் போட்டு, விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். வியாபாரத்தில் கனிவு முக்கியம்.

என் சரக்கு வேறு. வெகு தொலைவில் விண்மீன் மண்டலங்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. அவற்றின் ஒளியை நீலக் கண்ணாடி வழியாக ஒருமுறை, சிவப்புக் கண்ணாடி வழியாக ஒருமுறை அளப்போம். நீலம் தூக்கலாக இருந்தால் அங்கே இன்னும் விண்மீன்கள் பிறக்கின்றன. சிவப்பு தூக்கல் என்றால் பிறப்பு நின்று கிழடு தட்டிவிட்டது. என் கொத்து இளமையிலேயே கிழடு தட்டியது என்று எழுதினேன். உலகம் வாங்கிக்கொண்டது. என் பெயரும் பதவியும் அதில் வந்தவைதான்.

எங்கள் வானாய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. நான் சேர்த்துவிட்ட வேலை. ஒரு மத்தியானம் நீலக் கண்ணாடியைக் கழற்றிச் சோதித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மாமா, பூச்சு மங்கிப்போச்சு. நீலத்துல பாதிய இதுவே முழுங்குது. உங்க கிழடுங்கள்லாம் நல்ல இளவட்டம்."

"தெரியும் மாப்ள."

சிரிப்பு நின்றது. "எப்பலேர்ந்து?"

"எழுதறதுக்கு முன்னாடியே."

ஏணியில் ஏறிக் கண்ணாடியைத் திரும்ப மாட்டினான். "நாளைக்குக் கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க மாமா. நீங்க சொல்லலன்னா நான் சொல்லியாகணும், அப்புறம் அக்கா என்னை வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டா."

நல்ல பையன். பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை. ஏணியை இழுத்தேன். விழுந்தவனுக்கு இடுப்பு ஒடிந்திருக்க வேண்டும், எழ முடியவில்லை. திருகு சாவியால் முதலில் வாயில் அடித்தேன்; கூட்டத்தில் பேசப்போவது அதுதானே. பற்கள் தெறித்த பிறகும் "மாமா" என்றான், தெளிவாகவே. அதனால் தலையில் அடிக்க வேண்டியதாயிற்று. எலும்பு உள்ளே போகும்வரை அடித்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பிறகு பக்கத்து அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தி, தொலைநோக்கியின் எடைக்கட்டியை அவன் முகத்தின்மேல் இறக்கினேன். அவன் கீழே நின்றது தெரியாமல் இயக்கிவிட்டேன், கிட்டே போகவே மனம் வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள்.

வீட்டில் மனைவி என் நெஞ்சில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், நிஜமாகவே. அப்புறம் சட்டையைக் கழற்றி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கருநீலம். ஒன்றும் தெரியவில்லை.

காலையில் துவைக்க எடுத்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வெயிலில் விரித்துப் பிடித்திருந்தாள்.

"கிட்டயே போகலன்னீங்களே."

அவள் விரல்களைப் பற்றித்தானே முதலில் கேட்டீர்கள்? கதவைச் சாத்தியது நான்தான். நான்கும் ஒடிந்தன, சட்டையை மட்டும் விடவில்லை. கட்டும் நானே போட்டேன். கட்டு முடிந்ததும் மற்றக் கையால் போனை எடுத்து உங்கள் காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் அந்தச் சட்டையில் கறையே இல்லை.