தையல் கடைச் சுவர் இடிந்தது குறித்து வானொலி மாமா சொன்னது

இது இப்படித்தான் முடியும் என்று நான் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். என்னைப் பற்றிய விவரம்தான் முதலில் என்று விசாரணை அதிகாரி சொன்னதால் சொல்கிறேன். தெருவில் வானொலி மாமா என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். வயது அறுபத்து மூன்று. ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். படிப்பு எட்டாவது, அதையும் இரண்டு தடவை படித்ததால் பதினாறாவது என்று வைத்துக்கொள்ளலாம். குடியிருப்பது தையல் கடைக்கு எதிர்வீட்டு மாடியில்.

எங்கள் தெருவின் இரு பக்கமும் நடைபாதையும் மூடிய வடிகாலும் அமைக்க நகராட்சி முடிவு செய்து, போன மாதம் பள்ளிக்கூட அறையில் கூட்டம் போட்டது. ஐநூறு பேர் வந்தார்கள். அறையில் எத்தனை நாற்காலி என்று அதிகாரி கேட்டார். நாற்பது. அப்படியானால் நாற்பது பேர். பொறியாளர் வரைபடத்தை ஒட்டிவைத்து, ஒவ்வொரு வாசலிலும் இரண்டடி போகும் என்றார். அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தையல்கார அம்மா எழுந்து, "ரெண்டடி போனா என் மிஷினை எங்க சார் போடுறது, உங்க மடியிலயா?" என்றார். "மழை வந்தா முழங்கால் தண்ணியில நடக்கிறதும் நீங்கதானம்மா" என்றார் பொறியாளர். "படியை எடுத்துட்டா என் கடைக்கு ஆளுங்க பறந்தா வருவாங்க?" என்று மளிகைக்கடைக்காரர் கத்தினார். அதன் பிறகு நான் எழுந்து இருபது நிமிடம் பேசியதால்தான், சுவரைத் தொடுவதில்லை, படிகளை மட்டும் எடுப்பது என்று முடிவானது. நான் பேசியதைக் கேட்கவில்லை என்று தையல்கார அம்மா சொல்லியிருப்பதாக அதிகாரி தெரிவித்தார். அவர் முன்வரிசை. நான் பேசியது பின்வரிசையில்.

நேற்று முன்தினம் காலை பத்தரை மணிக்கு பொக்லைன் வந்தது. ஓட்டியது என் அக்கா மகன். அந்த வாளியால் முட்டையை எடுத்து உடையாமல் தட்டில் வைப்பான். தையல் கடைப் படிக்கு வந்ததும் அந்த அம்மா, "தம்பி, அஞ்சு நிமிஷம் இருப்பா, மிஷினை உள்ள தள்ளிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவன் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். அவன் இருக்கையிலிருந்து கடைக்குள் தெரியாது. பக்கத்தில் நிற்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வண்டியின் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. அதன் பிறகு பொறியாளர் வந்து இரண்டு தடவை தட்டினார். அவன் வாளியை இறக்கினான். படியோடு சுவரின் அடியும் கிளம்பி, சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அந்த அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. தைத்து அடுக்கிய பள்ளிச் சீருடைகள் செங்கல் தூளில் கிடந்தன. அவர் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, "ஊசி டப்பா கொட்டியிருக்கு, யாரும் உள்ள கால் வைக்காதீங்க" என்றார்.

இதைச் சொல்லும்போது நான் நான்கு முறை எழுந்து ஜன்னலுக்குப் போனதாக அதிகாரி குறித்துள்ளார். நாற்காலி சரியில்லை. அடுத்த அறையில் என் அக்கா மகன் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். யாரோ இரண்டு தடவை தட்டினார்கள், ஆளைப் பார்க்கவில்லை என்பது மட்டுமே அவன் சொன்னது.

பொறியாளர் எந்தக் கையால் தட்டினார் என்று அதிகாரி கேட்டார். வலது கை என்றேன். அந்த நேரத்தில் பொறியாளர் தெருக்கோடியில் அளவு நாடாவின் ஒரு முனையையும் மளிகைக்கடைக்காரர் மறுமுனையையும் பிடித்திருந்தார்கள் என்றார். அப்படியானால் இடது கை என்றேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "அப்போ யாருமே தட்டல பெரியவரே. உங்க அக்கா பையன் தானா இறக்கிட்டுப் பொய் சொல்றான். லைசென்ஸ் போயிடும், கேஸும் அவன் மேலதான்" என்றார்.

அதன் பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பேனாவைத் திறக்கச் சொன்னேன்.

அன்று வேடிக்கை பார்க்கத் தெருவே நின்றிருந்தது. வண்டி சும்மா நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மா வெளியே வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருடம் பேருந்தைத் தட்டிய கை. பள்ளி விடுமுறையெல்லாம் என் பேருந்தின் பின்படியில் உட்கார்ந்து வளர்ந்தவன் அவன். வேறு யார் தட்டியிருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பான். இதற்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஆளைப் பார்க்கவில்லை என்று அவன் சொன்னது சத்தியம்.

பொறியாளர் தட்டினார் என்பது நானாகச் சேர்த்தது. தட்டியது நான்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். மற்ற வரிகளில் கூடக்குறைய இருக்கலாம். கடைசியாகச் சொன்ன இதில் இல்லை என்று அறிந்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)