தோண்டாத மூலை

மண்ணுக்குள் எதையாவது தேட ஆசைப்படுகிறவர்கள் முதலில் மெட்டல் டிடெக்டரை வாங்கிவிடுகிறார்கள். அது பிழை. முதலில் இடம் வேண்டும். இடம் சரியில்லையென்றால் எவ்வளவு நல்ல டிடெக்டரும் சோடா மூடியைத்தான் காட்டித்தரும்.

ஸ்ரீனிவாஸும் அந்தப் பிழையைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். இல்ஃபோர்டில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவர், சென்னைக்காரர், என் வயதுதான், வங்கியில் கணினி வேலை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வான் வண்டியில் டிடெக்டரை ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று வாங்கி, பக்கத்துப் பூங்காவில் தோண்டி, கவுன்சில் ஆட்களிடம் ஏச்சு வாங்கியிருந்தார். கூட வரலாமா என்று கேட்டார். சரி என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் யாருக்கும் உதவி மறுத்தவன் அல்ல.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பூங்கா கவுன்சிலுடையது, கேட்காமல் தொடக்கூடாது. தேம்ஸ் கரைக்குத் தனி அனுமதி வேண்டும், அது இலகுவில் கிடைக்காது. மிஞ்சுவது விவசாய நிலம். பழைய வரைபடத்தை இன்றைய படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அன்று இருந்து இன்று இல்லாமல் போன பாதை, குளம், சந்தைத் திடல், அங்கேதான் மனிதர்கள் களைத்து உட்கார்ந்திருப்பார்கள், பையிலிருந்து ஏதாவது விழுந்திருக்கும். பிறகு நிலத்துக்காரரின் கதவைத் தட்ட வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் எத்தனை கதவுகள் சாத்தப்பட்டன என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அப்மின்ஸ்டருக்கு அப்பால் ஒரு கிழவர் கதவைத் திறந்தார். வயல் முழுக்கத் தேடு, காட்டோரத்து மூலைக்கு மட்டும் போகாதே என்றார். யுத்த காலத்தில் விமானம் போட்ட குண்டொன்று அங்கே வெடிக்காமல் புதைந்துவிட்டதாக அவருடைய தகப்பன் சொல்வாராம். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஊரில், முகமாலையில், கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவன் நான். ஹெட்போனில் கேட்ட சத்தம் எனக்குப் போதும். தகப்பன் சொன்னது பொய்யில்லை.

பொலிசுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்கிறீர்கள். அறிவித்தால் வயலை மூடிவிடுவீர்கள். கிழமை முழுக்க ஈஸ்ட் ஹாம் கடைகளுக்கு அரிசி மூட்டை இறக்குகிறவன் நான். மனைவி யோகமலர் செத்த பிறகு வீட்டில் எனக்கு நித்திரை இல்லை. அந்த வயலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடக்கும்போது மட்டும்தான் தலைக்குள் எதுவும் கேட்காது. எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

ஸ்ரீனிவாஸ் நல்ல மனிதர். அவருடைய மனைவி லக்ஷ்மிப்ரியா எனக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக்கொடுப்பார். ஆனால் ஸ்ரீனிவாஸ் ஓயாமல் பேசுவார். ஹெட்போன் எப்போதும் கழுத்தில்தான் கிடக்கும். ஒரு துருப்பிடித்த பொத்தான் கிடைத்தாலும் படம் பிடித்து இணையத்தில் போடுவார். வேண்டாம் என்று பலமுறை சொன்னேன். மாசி மாதத்தில் ஒருநாள், கிழவருடைய மகனிடம் தானே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

“சார், இவ்வளவு நல்ல இடத்த நமக்குள்ளயே வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கு? ஏப்ரல்லேர்ந்து நம்ம டிடெக்டர் க்ளப் ஆளுங்க எல்லாரும் வராங்க. வாராவாரம்.”

நல்லது என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே விடியும்வரை கதிரையில் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவராகத்தான் கேட்டார். மற்றவர்கள் வருவதற்கு முன் பெரிதாக ஏதாவது எடுத்துவிட வேண்டும், யாரும் கைவைக்காத இடம் இருக்கிறதா என்று.

“ஓம், இருக்கு,” என்றேன். “அந்தக் காட்டோரத்து மூலை. ஒருத்தரும் தோண்டேல்லை. ஆழமாக் கிடக்கும், பாதியிலை விட்டிடாதேங்கோ. ஹெட்போனைக் கழட்டாதேங்கோ.”

களிமண் இறுகிக் கிடக்கும் என்று வண்டியிலிருந்த அலவாங்கையும் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் ஊரில் அதைக் கடப்பாரை என்பார்கள். ஓங்கிக் குத்தினால்தான் இறங்கும் என்றும் சொன்னேன்.

“நீங்க வரலையா சார்?”

“எனக்கு ஏலாமக் கிடக்கு. நீங்கள் போங்கோ.”

எது கிடைத்தாலும் பாதி உங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். கொடுத்தும் இருப்பார். நான் வயலின் மறுகோடிக்குப் போய் வேலியோரம் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டேன். அன்று கச்சான் கடலை கூடப் போட்டிருந்தார்கள்.

அது வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை நான் முதல் நாளிலிருந்தே சொல்லி வருகிறேன். இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தது செத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நாயோடு நடக்க வந்த பெண்ணின் சாட்சியத்தை இன்று வாசித்துக் காட்டினீர்கள். வேலியோரப் பள்ளத்தில் ஒரு மனிதன் குப்புறக் கிடந்தானாம். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. வலிப்பு வந்துவிட்டதோ என்று ஓடிவந்தாளாம். அப்போது எங்கும் அமைதியாக இருந்ததாம்.

பீரங்கிச் செல் விழும்போது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் படுப்பார்கள். அலவாங்கு இரும்பில் பட்ட முதல் சத்தம் வயலைத் தாண்டி எனக்குக் கேட்டது. உடம்பு தானாகப் படுத்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அன்றுதான் அவர் முதல்முறையாக ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தார்.

ஆனால் அந்தப் பெண் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டாள். அவள் குனிந்து என்னவென்று கேட்டபோது நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துப் பள்ளத்துக்குள் படுக்க வைத்தேன். நாயையும் இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வெடித்தது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் உதவி மறுத்தவன் அல்ல.