ஏழாம் கட்டிலின் அட்டை

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மருந்துக்கு முன்னால் வேண்டியது ஒரு பதில். பதினெட்டு வருடம் வார்டு கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவார்கள். கட்டிலுக்கு ஒரு நிமிடம். அவர்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடுவார்கள். நோயாளி பேந்தப் பேந்த விழிப்பார். சிஸ்டரைக் கேட்டால் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்பார். கடைசியில் எல்லோரும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். ஒருவர் கேட்டதையே பத்து முறை கேட்டாலும் நான் முகம் சுளித்ததில்லை. எரிச்சல் வந்ததுண்டு. காட்டியதில்லை.

ஆறு மாதம் முன்பு ஒரு புது டாக்டரம்மா வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, படம் வரைந்தெல்லாம் விளக்குவார். நல்ல விஷயம்தான். ஆனால் என் மேஜைப் பக்கம் ஈ காக்கை வருவதில்லை. என்னைப் பார்த்தவுடன் எழுந்து நின்றவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள்.

ஏழாம் கட்டிலில் ஒரு தையல்காரர், குடலிறக்க ஆபரேஷனுக்காக. இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. முதல் வாரம் டாக்டரம்மா லீவில் இருந்ததால் அவருக்குப் பதில் சொன்னது நான். ஒரு நாள் நானாகப் போய் விசாரித்தேன்.

"உங்களுக்கு எதுக்கு சார் வீண் சிரமம்? நான் டாக்டரம்மாவையே கேட்டுக்கிறேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் செய்தார். "ஏழாம் நம்பருக்கு இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஆபரேஷன். இனிமே வாயில ஒண்ணும் போடக்கூடாது. நானே வந்து சொல்லணும், இங்க மாட்டிக்கிட்டேன். நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

அப்போது மட்டும் நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்களாம்.

'வெறும் வயிறு' என்று எழுதிக் கட்டிலில் மாட்டும் அட்டை என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும். அது அங்கேயே இருந்தது. சிஸ்டர் கேட்டபோது, "சொல்லியாச்சு, அட்டையும் மாட்டிடுறேன்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குத் தையல்காரரின் மனைவி வந்தார்.

"அண்ணா, ரெண்டு மணிக்கு கூட்டிட்டுப் போறாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. பசிக்குதுங்கிறாரு. ஏதாவது குடுக்கலாமா? டாக்டரம்மாவைக் காணோம்."

பல நாளைக்குப் பிறகு ஒருவர் என்னைக் கேட்டார். உட்காரச் சொன்னேன்.

"தாராளமா குடும்மா. தெம்பு வேணும்ல? பிரெட், பால், எது கேட்டாலும் குடு. உள்ளே கேட்டா மட்டும் ஒண்ணும் சாப்பிடலைன்னு சொல்லச் சொல்லு. இல்லேன்னா மூணாவது தடவையும் தள்ளிப்போட்டுடுவாங்க."

"நல்ல வேளை, நீங்க இருந்தீங்க" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியாது.

டாக்டரம்மா பேச்சை நம்பினால் குழப்பம்தான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். விளைவு தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அந்த அட்டை எதற்கு என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நான்தானே அதை விளக்கியிருக்கிறேன்.

நாலு மணிக்குத் தியேட்டர் கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்தார். அழுதுகொண்டு நின்றார். தையல்காரரின் மனைவி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "என்னண்ணா ஆச்சு?" என்றார்.

நான்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, புருஷன் இறந்துவிட்டதைப் பக்குவமாகச் சொன்னேன். டாக்டர்கள் முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

வார்டில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். என்னிடம் கேட்க வந்த ஒருவரைக்கூட நான் பதில் சொல்லாமல் அனுப்பியதில்லை.