சத்தமில்லாத மூடி

வீட்டில் பீர் காய்ச்சும் மெஷின் வாங்குவதாக இருந்தால் முதலில் மூடியைப் பாருங்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும், எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். என் கணவர் செழியனும் அப்படித்தான். நான் மூடியைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கிய பொருட்களில் நான் முழு மனதோடு பொறுக்கிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில். சொந்த ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். அவர் முழுப் பெயர் நெடுஞ்செழியன். ஆபீசில் அதை வெட்டி 'நெட்' ஆக்கிவிட்டார்கள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு நல்ல மனிதர். கோபம் வந்தால் கராஜுக்குப் போய் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

போன தீபாவளிக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவருடைய நண்பர் பசுபதி, இவர் பிறந்தநாளுக்கு ஒரு பீர் கிட் கொடுத்திருந்தார். அதை வைத்து, என்னுடைய பொங்கல் குண்டாவில், என்னுடைய அடுப்பில், செழியன் ஒரு பீர் காய்ச்சி பாட்டிலில் அடைத்தார். தீபாவளிப் பார்ட்டியில் ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். விருந்துக்கு வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? கல்லாகிப்போன என் மைசூர்பாகையும்தான் அன்று பிரமாதம் என்றார்கள். பசுபதி மட்டும் அதோடு நிற்கவில்லை.

"டேய் செழியா, இத வித்தா க்யூல நிப்பாங்கடா. ஒரு டேப்ரூம் ஓப்பன் பண்ணலாம்" என்றார். சொந்தமாகப் பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் கடை.

இதற்கு முன்னால் இரண்டு பேரும் முறுக்குக் கடை போட்டிருக்கிறார்கள், கிரிக்கெட் அகாடமி நடத்தியிருக்கிறார்கள், எல்லாம் வாயால்தான். கிரீன் கார்டு வராதவரை எங்கள் ஆண்களின் பேச்சு காற்றோடு போய்விடும். வேலையை விட்டால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டுமே. ஜனவரியில் எங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. அந்த வாரமே சாப்பாட்டு மேசையில் செழியன் சொன்னார்: "எழில், இனிமே நான் வேலைய விடலாம். வீட்டு மேல ஒரு லோன் போட்டா போதும், கடை ஸ்டார்ட் பண்ணிரலாம்."

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு முகம் கிடையாது. குளியலறை டைல்ஸ்வரை நானே அலைந்து பொறுக்கிய வீடு. மகள் வெண்பாவுக்குக் காலேஜ் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. இதையெல்லாம் பீரில் கரைப்பதா?

நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் ஆண்களுக்கு வீம்பு வந்துவிடும். "நல்ல ஐடியாங்க. ஆனா குண்டாவுல காய்ச்சி எப்படிங்க பழகறது? ஒரு மெஷின் வாங்குங்க. நாலஞ்சு தடவ நல்லா வந்துச்சுன்னா நானே லோன் பேப்பர்ல சைன் பண்றேன்" என்றேன். எந்த பேங்க் மேனேஜரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பது, கொதிக்கவைப்பது, ஆறவைப்பது, புளிக்கவைப்பது எல்லாம் ஒரே பாத்திரத்தில் நடக்கிற சின்ன மெஷின்களாக மூன்றை அவர் எடுத்துவைத்திருந்தார். முதலாவது போனோடு பேசுகிற மெஷின். சூடு ஏறினால் செய்தி வரும், இறங்கினால் வரும், யாராவது மூடியைத் திறந்தாலும் வரும். அவருக்கு அதன்மேல்தான் கண். "ஆபீஸ் மெசேஜுக்கே நீங்க ஒழுங்கா ரிப்ளை பண்றதில்ல, இதுல மெஷின் வேறயா?" என்றேன். சிரித்துவிட்டு அதை ஒதுக்கினார். இரண்டாவது, பிரஷரில் இறுக்கி மூடிக்கொள்ளும். பீர் ஆகும்வரை திறக்கவே முடியாது. "மூடுனா தொறந்து பாக்க முடியாதுன்னா அது என்னங்க சமையல்?" என்றேன். அவருக்கும் நியாயமாகப் பட்டது.

மூன்றாவது எளிமையானது. லாண்டரி ரூமில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். சாதாரண வீட்டுக் கரண்டில் ஓடும், கழுவவும் சுலபம். மூடிக்கு ரப்பர் விளிம்பு. கடையில் வைத்திருந்ததை நான் நாலு தடவை தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தேன், ஒரு 'டொக்' கூட வரவில்லை. செழியன் பெருமை தாங்காமல் கடைப் பையனிடம், "மை ஒய்ஃப் இஸ் வெரி சப்போர்ட்டிவ்" என்றார்.

இட்லி மாவு விஷயம் எனக்கு முன்பு தெரியாது. அவர்தான், ஆரம்பத்தில் ஒருநாள் கிச்சனில் சட்டம் போடும்போது சொல்லிக் கொடுத்தார். "எழில், நான் பீர் பண்ற பக்கம் உன் மாவு டப்பா வரவே கூடாது. மாவ புளிக்க வைக்கற பாக்டீரியா இதுல விழுந்தா அவ்ளோதான், பீர் பூரா புளிச்சுப் போயிரும்."

"எவ்வளவு விழுந்தாங்க?"

"ஒரு ஸ்பூன் போதும்."

மற்றதை நானே படித்துக்கொண்டேன். ஹாப்ஸ் என்று ஒரு பூ. பீருக்குக் கசப்பைக் கொடுப்பது. அதை நிறையப் போட்டால் இந்த பாக்டீரியாவால் தலைதூக்க முடியாதாம். செழியனோ நல்ல கசப்பாக ஒன்று காய்ச்சத் திட்டம் போட்டிருந்தார். "எனக்குக் கசப்பு ஆகாதுங்க. கோதுமைல லைட்டா ஒண்ணு பண்ணுங்க, நானும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேன்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்தவரை நான் அதையெல்லாம் தொட்டதே இல்லை. எனக்காக ஹாப்ஸைக் குறைத்தார். கோதுமை பீர் எப்போதும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும், அதுவும் சௌகரியம்.

அந்தச் சனிக்கிழமை ஈஸ்ட் போட்டு, மூடியை வைத்து, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நான் துணி எடுக்க லாண்டரி ரூமுக்குப் போனேன். நன்றாகப் பொங்கிய மாவில் ஒரு ஸ்பூன். மூடி என் நம்பிக்கையைக் காப்பாற்றியது. சாயங்காலம் வழக்கம்போல அனுமார் கோயிலுக்குப் போனோம். இந்த விஷயத்தை நான் அனுமார் காதில் போடவில்லை. பிரம்மச்சாரி, குடும்ப விவகாரத்தில் இழுப்பானேன்?

பீர் தயாரானதும் வெண்பா மோந்து பார்த்து, "அப்பா, இட் ஸ்மெல்ஸ் லைக் ஆங்ரி மோர்" என்றாள். செழியன் சிரித்தார். முதல் தடவைதானே என்றார். நானும் அதையேதான் சொன்னேன்.

இரண்டாவது தடவை மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, கை தோல் உரியும்வரை கழுவினார். மூன்றாவது தடவை குழாய்களை மாற்றினார், ஈஸ்டை மாற்றினார், தண்ணீரைக்கூட மாற்றினார். நான் எதையும் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு மெஷினை விட்டுவிட்டுத் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். "என் நாக்குல ஏதாவது கோளாறா எழில்?" என்று கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. நானே ஈஎன்டி டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கூட்டிப்போனேன். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "இவங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று காரில் வரும்போது ஆறுதல் சொன்னேன்.

நாலாவது தடவை காய்ச்சியதைக் குடித்துப் பார்க்க, மெஷின் வாங்கிய கடையின் ஓனர் வந்தார், பசுபதியும் வந்தார். ஓனர் வயதான டெக்சாஸ்காரர், தன்மையானவர். ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். பசுபதி கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். செழியன் இரண்டு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். என்னிடமும் கேட்டார், இத்தனை மாதம் வீட்டைப் புளிப்பு நாற்றமாக்கியதற்கு. பிறகு எல்லாவற்றையும் லாண்டரி சிங்க்கில் கொட்டினார். தோள் குலுங்கியது.

ராத்திரி அவருக்குப் பிடித்த இட்லியே ஊற்றினேன். ஒன்றைப் பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார்: "உனக்கு மட்டும் எப்படி எழில் மாவு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருது? எனக்குத்தான் கைராசி இல்ல." இன்னும் ரெண்டு வைத்தேன். சாப்பிட்டார்.

வீடு பிழைத்தது. அவரும் ஒழுங்காக வேலைக்குப் போகிறார். சனி, ஞாயிறில் சோபா மூலையில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். காபி வேண்டுமா என்றால் "உன் இஷ்டம்" என்கிறார். கராஜில் எதையும் துடைப்பதில்லை. நானும் அத்தோடு நிறுத்திவிட்டேன். எனக்கு எந்தப் பீரோடும் விரோதம் கிடையாது. அவருக்கு வராத ஒன்றை, வராது என்று கொஞ்சம் சீக்கிரமாகப் புரியவைத்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கடனோடு புரிவதைவிட இது எவ்வளவோ மேல். இப்படித்தான் நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் பசுபதியின் மனைவி யாமினி போன் செய்தாள். "அக்கா, இவரு விட மாட்டேங்கறாரு. தானே ஒரு மெஷின் வாங்கப் போறாராம். செழியண்ணன் சொல்லச் சொல்ல இவரு பண்ணுவாராம். நல்லா வந்தா ரெண்டு பேரும் கடை போட்டுக்கலாம்னு பேசிட்டாங்க. எந்த மெஷின்க்கா நல்லது?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போது செழியன் கராஜில் இருந்தார். பழைய ஸ்க்ரூடிரைவரை எல்லாம் எடுத்து, பாட்டு முனகிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தார். அதே முகம்.

ஒன்றை மட்டும் இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளியன்று விருந்தாளிகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டிலில் பாதி மீந்திருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு வாய் குடித்தேன். பிறகு பாட்டிலை முடித்தேன். பிறகு கிளாஸ்களில் மிச்சம் இருந்ததையும் ஒவ்வொன்றாக முடித்தேன். பீரைப் பற்றி ஒன்றுமே தெரியாத எனக்கே தெரிந்துவிட்டது. இந்த மனிதர் ஜெயித்துவிடுவார் என்று, சிங்க் பக்கத்தில் நின்றபடி பயந்துபோனேன்.

யாமினிக்கு அந்த மூன்றாவது மெஷினையே சொன்னேன். இடத்தை அடைக்காது, கழுவ சுலபம் என்றேன். முதல் தடவை காய்ச்ச ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரும்போது டிபனுக்கு ஒன்றும் செய்துவைக்காதே, இட்லி மாவு நானே கொண்டுவருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.