இருட்டு ரூம்

மெதுவா தம்பி, மெதுவா. ஏணிய அந்தச் செவுத்தோரமா சாச்சு வைங்க. அளக்கற டேப்ப அப்புறம் எடுக்கலாம், மொதல்ல உக்காருங்க. ரூம் எங்கயும் ஓடிப் போயிடாது. சீக்கிரமா அளந்துட்டு கடைக்குத் திரும்பணும்னு உங்களுக்கு அவசரம். எனக்கு அந்த அவசரம் இல்ல. டீ போடறேன், குடிங்க.

எங்க வீட்டுக்காரர் கடைல உங்கள என்ன பாடு படுத்தியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? சிரிக்கிறீங்க பாருங்க. டிவியா ப்ரொஜெக்டரான்னு ஒரு மனுஷன் இப்படி மண்டைய ஒடைச்சுக்கிட்டு நான் பாத்ததில்ல. இந்த வீடு கட்டும்போதுகூட இவ்ளோ யோசிக்கல. அதனாலதான் சமையல்கட்டுக் கதவு இன்னிக்கும் ஃப்ரிட்ஜ்ல போயி இடிக்குது. சாப்பிட உக்காந்தா அதே பேச்சு. படத்துல கருப்பு சரியான கருப்பா தெரியணுமாம். எந்தக் கருப்பு எவ்ளோ கருப்புன்னு ஃபோன்ல வீடியோ பாக்கறாரு. அடிப்புடிச்ச சட்டிய நான் தெனம் தேய்க்கிறேன், எங்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?

கொஞ்ச நாள் முன்னாடி இந்தச் செவுத்துல நியூஸ்பேப்பர ஒட்டினாரு. எவ்ளோ பெரிய டிவி வாங்கினா கண்ணுக்கு எதமா இருக்கும்னு பாக்கணுமாம். அந்த அளவுக்குப் பேப்பர வெட்டி ஒட்டி, எதுத்தாப்ல நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே சோபால உக்காந்து, சாயந்தரம் முழுக்க வெறும் பேப்பரயே உத்துப் பாக்கறாரு. நடு நடுவுல தலைய வேற ஆட்டிக்கிறாரு. எதிர் வீட்டம்மா வந்து, என்னங்க ஆச்சு அண்ணனுக்குன்னு பயந்து போயி கேக்கறாங்க. நியூஸ் பாக்கறாருங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் தெனம் ஒரு பேப்பர் சேத்து ஒட்டி, ஒட்டி, செவுரே பத்தல. அப்பதான் ப்ரொஜெக்டர் ஆச வந்துச்சு.

ஆபீஸ்ல கேட்டு ஒண்ணு தூக்கிட்டு வந்தாரு. பின்னாடி அந்த அலமாரி மேல வெச்சு ஓட விட்டாரு. படம் நல்லாத்தான் ஓடுது. ஆனா நடுவுல ஃபேன் தொங்குதே, அத மறந்துட்டாரு. எறக்க சுத்தி சுத்தி வெளிச்சத்துல விழுவுது. படத்துல ஒருத்தன் மூஞ்சி துண்டு துண்டா வருது, அழுவறானா சிரிக்கிறானான்னே தெரியல. சரின்னு ஃபேன நிறுத்தினாரு. வேர்த்துக் கொட்டுது, ஆனா யாரும் எந்திரிக்கக் கூடாது. எங்க அண்ணன் வந்திருந்தாரு. அவரு வாய் சும்மா இருக்காது. இதுக்கு அடுப்புக்குள்ளயே உக்காந்து பாத்துக்கலாமேன்னுட்டாரு. அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாது. அண்ணன் டிவி கட்சி. அதுக்காகவே இவரு ப்ரொஜெக்டர் கட்சி.

எனக்கா? எனக்கு டிவிதான் வேணும். எந்த டிவின்னாலும் சரி, அத ஹால்ல மாட்டட்டும். செவுரு முழுக்க மாட்டட்டும், நான் ஏன்னு கேக்கல. ப்ரொஜெக்டர்னாதான் ஹாலு சரிப்படாதே. ஜன்னல் அதிகம், படம் வெளுத்துப் போவுது, இருட்டு ரூம் வேணும்னு நீங்களே சொன்னீங்களாமே. உங்க மேல கோவம் இல்ல தம்பி, உங்க தொழில் அது. ஆனா இந்த வீட்ல இருக்கிறதே ரெண்டு ரூம். ஒண்ணுல நாங்க படுக்கறோம். இன்னொண்ணு அதோ, கதவு சாத்தியிருக்கே, அது என் பொண்ணு ரூம். ஆமா, கல்யாணம் ஆயிடுச்சு. ஆனா என்ன, அவளோடது இல்லன்னு ஆயிடுமா? அங்கதான் ஜன்னல அடைச்சு, செவுத்துக்குக் கருப்பு பெயிண்ட் அடிச்சு, அவ கட்டில கழட்டி வித்துடப் போறாராம். சத்தம் வெளிய போவாம இருக்க மெத்து மெத்துன்னு என்னமோ ஒட்டணுமாம்.

அவ வந்தா எங்க படுப்பான்னுதான் நானும் கேட்டேன். அவ ஏன் வரப் போறான்றாரு.

மாப்பிள்ளயையும் இவருதான் தேர்ந்தெடுத்தாரு தம்பி. இதே மாதிரிதான். வேல பாக்கற எடத்துல விசாரிச்சாரு, பக்கத்து வீட்ல விசாரிச்சாரு, கூடப் படிச்சவனத் தேடிப் பிடிச்சு விசாரிச்சாரு. குடிக்க மாட்டான், நல்ல வேல, சொந்த வீடு, குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லன்னாரு. பொண்ண ஒரு வார்த்த கேளுங்கன்னேன். அவளுக்கு என்ன தெரியும்னாரு. அவரு விசாரிச்சதுல தப்பே இல்ல, குடிக்க மாட்டான்தான். குடிக்காமயே அடிக்கிறான்.

பெட்டி மேல எழுதியிருக்கிறது ஒண்ணு, வீட்ல கொண்டு போயி மாட்டினாத் தெரியறது ஒண்ணு. உங்களுக்குத் தெரியாததா?

டிவி சரியில்லன்னா திருப்பி எடுத்துக்குவீங்கல்ல? அதுக்கு இவரு உங்க முதலாளிகிட்ட சண்டையே போட்டாராமே, பழுதானா யாரு பொறுப்புன்னு. நல்ல கேள்விதான். அப்பா நான் வந்துடறேம்ப்பான்னு பொண்ணு ஃபோன்ல அழுதப்ப, அனுசரிச்சுப் போம்மான்னாரு. ஃபோன வெச்சாரு, மறுபடி வீடியோ பாக்க ஆரம்பிச்சாரு. அவ ரெண்டாவது தடவ அழுதாளே, அந்த வாரம்தான் இருட்டு ரூம் பேச்சையே எடுத்தாரு. முட்டாள்னு நெனைக்காதீங்க, வெவரமான ஆளு. படுக்க எடமே இல்லன்னா எந்தப் பொண்ணு வருவா? வராதன்னு அவரு வாயால சொல்லத் தேவையில்ல பாருங்க. ஊர் சிரிக்கும்னு பயப்படறாரு. பேப்பர ஒட்டிப் பாத்துட்டு இருந்தப்ப ஊர் சிரிச்சது மட்டும் இவரு காதுல விழல.

உள்ள போயி அளந்தே ஆவணுமா? அளக்காமப் போனா முதலாளி திட்டுவாரா? கொஞ்சம் பொறுங்க, அந்தக் கதவ மட்டும் தெறக்காதீங்க. இருமல் சத்தம் கேட்டுச்சா? அவதான். காலைல இவரு ஆபீஸ் போன பெறகு வந்து எறங்கினா. கைல ஒரு பை, அவ்ளோதான். மணிக்கட்டு வீங்கியிருக்கு. கட்டுப் போட்டு, ரெண்டு வாய் ஊட்டி, இப்பதான் தூங்க வெச்சேன். இல்ல, அவருக்கு இன்னும் தெரியாது.

கேட் தெறக்குது பாருங்க, வந்துட்டாரு. நீங்க அளக்கறதக் கூட இருந்து பாக்கணும்னு அரை நாள் லீவு போட்டிருக்காரு. பொண்ணப் போயி கூட்டிட்டு வாங்கன்னப்ப லீவு இல்லன்னாரு. நீங்க எந்திரிக்காதீங்க, டீயக் குடிங்க. கேட்டா, இந்த வீட்டுக்கு டிவிதான் சரிப்படும்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் சொல்லிக்கறேன்.