தந்தியில் செத்த அம்மா

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறியபோதே கண்ணைச் சொக்கியது. முன்சீட்டில் மீசைக்குக் கறுப்படித்த பெரியவர் சொன்னதைக் கேட்டதும் தூக்கம் ஓடிவிட்டது.

"எங்கம்மாவத் தந்தியிலயே ரெண்டு தடவ சாவடிச்சவன்டா நானு. தந்தி வந்தா லீவ நீட்டிக் குடுத்துடுவாங்க. நேவியில எங்க காலம் அப்பிடி."

பக்கத்தில் அவர் தம்பி மகன். தலையை ஒட்ட வெட்டியிருந்தான். அவனும் நேவிதான்.

"இப்ப தந்தி போனா, கப்பல்லருந்து நம்மூரு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் போடறாங்க, பெரியப்பா. ஏட்டு வந்து பாத்துச் சொல்லணும்."

"பாக்கட்டுமே. உம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில நெஜமாத்தானே கெடக்கறா?"

"ஏட்டு வரவே இல்ல, லீவும் நீட்டல. நாளான்னிக்குக் கப்பல் கெளம்புது. நான் போவலன்னா ஓடிப்போனவன்னு எழுதிடுவாங்க."

"எங்கள ஒருத்தனும் ஒரு கேள்வி கேட்டதில்ல."

"அதனாலதான் எங்களக் கேக்கறாங்க. நீங்கல்லாம் பொய்யா சாவடிச்சீங்க. இவளுக்குக் கொழந்த பொறந்ததுலருந்து ரத்தம் நிக்கல. சொன்னா எவனும் நம்பல."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சூளகிரியில் பஸ் நின்றது. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"டேய், ஓசூர் வரலியேடா."

"நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பறேன்."

"வேல போயிடும்டா. ஜெயில்ல போடுவான்."

"போடட்டும் பெரியப்பா."

ரோட்டைத் தாண்டி, கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் கை காட்டினான்.

மறுநாள் டீக்கடையில் இதையெல்லாம் பெரியவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். என் கூட்டாளி சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பொழச்சுதாடா?"