ஏழாம் நம்பர் கல்லு

– காப்பியெல்லாம் வேணாம் சேது. இன்னிக்கு புக்கிட் ரோத்தான் சுடுகாட்டுக்குப் போயிருந்தேன், நாகமணியப் பொதைக்க. அங்க எவளோட சமாதியிலயோ எம்பொண்டாட்டி ஒக்காந்து என்னையப் பாக்குறா.

– வேற யாராச்சும் இருக்கும் மாமா. நம்ம தாயம்மா அத்த சாயல்ல...

– இடது புருவத்துல வெட்டுத் தழும்பு. ரப்பர் பால் வெட்டுற கத்தி பட்டது. ஊருல எல்லாப் பொம்பளைக்கும் அதே எடத்துலயா படும்? அது நீ குடுத்த சமாதிக் கல்லுதானே, சொல்லு.

– நான் குடுக்கல மாமா. லயத்துக்கு லயம் படப் புத்தகத்தக் காட்டி ஆர்டர் எடுப்பேன், கே.எல்.ல இருக்குற கல்லுப் பட்டற மொதலாளி, அந்தத் தவுக்கேக்கு போன் போடுவேன். அவனே கல்லச் செஞ்சு, லோரில ஏத்தி, நேரா சுடுகாட்டுக்கு அனுப்பிருவான். நான் கண்ணால பாக்குறதே இல்ல.

– சாமானப் பாக்க மாட்ட. கமிஷன மட்டும் நல்லா பாப்ப.

– அதுல பாதி பெட்ரோலுக்கே போயிருது லா. கல்லு ஒடஞ்சு வந்தா ஏச்சு எனக்கு. பேர தப்பா வெட்டுனா ஏச்சு எனக்கு. தவுக்கே போனையே எடுக்க மாட்டான்.

– ஒன் ஒப்பாரிய அப்பறம் வை. எம்பொண்டாட்டி அங்க எப்பிடிப் போனா?

– அத்தைக்கு வச்ச கல்லு நல்லா வந்துச்சுன்னு தவுக்கே அதப் படம் புடிச்சு புதுப் புத்தகத்துல போட்டுட்டான். ஏழாம் நம்பர். புக்கிட் ரோத்தான் முருகையா அதப் பாத்துட்டு, தன் சம்சாரத்துக்கு இதே மாதிரி வேணும்னாரு. நானும் இதே மாதிரின்னு சொன்னேன். தவுக்கே அத்த மொகத்தையும் சேத்து அடிச்சுட்டான்.

– பொண்டாட்டி போட்டோவ அந்த முருகையா குடுக்கலியா?

– இருந்தாத்தானே. அடையாள கார்டு ஐசில இருந்த ஒண்ணுதான். செத்ததும் ஐசிய ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க.

– அடுத்தவன் பொண்டாட்டி மொகம் வந்துருக்கு. மாத்திக் குடுன்னு கேக்கலியா அவன்?

– மாத்தித் தரேன்னேன். வேணாம்னுட்டாரு. மொட்டக் கல்லுக்கு இது தேவலையாம்.

– தேவலையா. மால போடுறானா?

– வெள்ளிக்கெழம தவறாம.

– நான் பூ வாங்கிட்டுப் போனா, எதுக்கு வெட்டிச் செலவுன்னு மொகத்தத் திருப்பிக்குவா. இப்ப எவனோ போடுற மாலைய வாங்கிக்கிட்டு இருக்கா.

– கோவப்படாதீங்க மாமா.

– புத்தகத்துல அவ மொகத்தப் பாத்தியே, அப்பவே எடுடான்னு தவுக்கேகிட்ட சொன்னியா?

– சொல்லல.

– ஏன்?

– அந்தப் பக்கத்தத் திருப்புனாத்தான் சனங்க கொஞ்சம் நிக்கிறாங்க. அத்த மொகத்தப் பாத்தா நம்ம வீட்டு மனுசி மாதிரி தோணுது.

– அவளக் காட்டியா ஆர்டர் புடிச்ச? ஒங்க ஆத்தா செத்ததும் ஒன்னையத் தூக்கி வளத்தவடா அவ.

– தப்புத்தான் மாமா.

– தப்ப நீயே வச்சுக்க. உளியும் சுத்தியலும் எடு. மோட்டார கெளப்பு. இப்பவே போயி அந்த மொகத்தப் பேத்தெடுத்துட்டு வருவோம். முருகையா வந்தா நான் பேசிக்கிறேன்.

– கொஞ்சம் ஒக்காருங்க மாமா.

– எதுக்கு ஒக்காரணும்?

– போட்டோ இல்லாத வீட்டுலல்லாம் அதே கல்லத்தான் கேக்குறாங்க. மொகத்தோடயே அனுப்புன்னு நானும் சொல்லிட்டேன். கோலா குபு பாரு வரைக்கும் எத்தன சுடுகாட்டுல அத்த இருக்காங்கன்னு அந்த லோரிக்காரனுக்குத்தான் தெரியும்.